நாபோத்தின் ஊர்ப் பெரியவர்கள்

கிறிஸ்தவ வாழ்வுக்கு இன்று நேர்ந்துள்ள ஆபத்து எது என்று கேட்டால், நம் பங்குகளில் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றே. திரைப்படம் கெடுக்கிறது; தொலைக்காட்சித் தொடர் கெடுக்கிறது; கைப்பேசி பிள்ளைகளைப் பாழாக்குகிறது; மேலைநாட்டு நாகரிகம் குடும்பத்தைக் குலைக்கிறது; அண்டை வீட்டார் விழாக்களுக்கு நம்மவர் போய்விடுகிறார்கள். பங்குப் பேரவையிலும், அன்பியக் கூட்டத்திலும், தவக்காலத் தியானத்திலும் இதே பட்டியல்தான். இதை ஓதுவதில் குருக்களாகிய நாங்கள் உங்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். பல ஆண்டுகள் நானும் ஓதியிருக்கிறேன்.

இப்பட்டியலில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் இது நமக்கு வசதியான பட்டியல். இதில் உள்ளவை யாவும் வெளியிலிருந்து வருபவை, பிறருடையவை. இவற்றைக் கண்டிப்பதால் நமக்கு ஒரு காசு நட்டமில்லை. ஓர் உறவும் முறிவதில்லை. விவிலியம் எந்த அழுத்தத்தைக் கண்டு கலங்கியதோ, அது இப்பட்டியலில் இடம்பெறவே இல்லை. அதை நாம் அழுத்தம் என்றே உணர்வதில்லை. 'ஊர் நடப்பு', 'நம்ம வழக்கம்' என்று பெயரிட்டு வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டுக் கொண்டிருக்கிறோம். நிலத்தின்மேல் கொண்ட ஆசை, சாதி, ஏழையின் உழைப்பை மலிவாக எண்ணும் மனம் ஆகிய மூன்றையுமே குறிப்பிடுகிறேன். இம்மூன்றையும் தொடாத மறையுரை விவிலியத்திற்கு உண்மையாய் இருக்கும் மறையுரை அன்று என்பதே என் வாதம். என் பழைய மறையுரைகளுக்கும் இது பொருந்தும்.

ஈசபேலின் கடிதம்

எலியா இறைவாக்கினரைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினரை அவர் வென்ற நிகழ்ச்சி (1 அர 18) மறைக்கல்வி வகுப்புச் சிறுவருக்கும் தெரியும். அதே எலியா மூன்று அதிகாரங்கள் கழித்து ஒரு திராட்சைத் தோட்டத்தில் அரசனை எதிர்கொண்டு நின்ற காட்சி (1 அர 21) அந்த அளவுக்கு நம் நாவில் புழங்குவதில்லை. விவிலிய ஆசிரியருக்கோ இவ்விரண்டும் ஒரே போராட்டத்தின் இரு களங்கள். 'பாகால்' என்ற சொல்லுக்கே உடைமையாளன், தலைவன் என்பதுதான் பொருள். மழையையும் விளைச்சலையும் தருபவனாகக் கானானியர் வணங்கிய தெய்வம் அது. அந்த வழிபாட்டைத் தன்னோடு கொண்டுவந்த சீதோன் நாட்டு அரசமகள் ஈசபேல், அரசன் விரும்பியதை அவனுக்கு உரியதாக்கும் ஆட்சிமுறையையும் கொண்டுவந்தாள்.

நிகழ்ச்சி நீங்கள் அறிந்ததே. நாபோத்தின் தோட்டம் ஆகாபின் அரண்மனைக்கு அருகில் இருந்தது. அரசன் அதைத் திருடவில்லை, முறையாகத்தான் கேட்டான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். இன்றைய கணக்கில் அது நியாயமான பேரம். நாபோத்து மறுத்தார். மூதாதையரின் உரிமைச் சொத்து விற்பனைக்குரியது அன்று என்பது அவர் அறிந்த திருச்சட்டம். நிலம் ஆண்டவருடையது, மாந்தர் அதில் குடியிருக்க வந்த அந்நியரே என்பது லேவியர் நூலின் தெளிவான போதனை (லேவி 25:23). மனம் கசந்து உணவருந்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்த ஆகாபுக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருந்தது. அதனால்தான் அவன் படுத்துக்கொண்டான், பறித்துக்கொள்ளவில்லை. ஈசபேலுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இந்த அதிகாரத்தை இருபது ஆண்டுகளாக மறையுரைக்கு எடுத்து வந்த நான், நடுவில் உள்ள ஒரு பகுதியை மிகத் தாமதமாகவே கவனித்தேன். ஈசபேல் தன் கையால் நாபோத்தைக் கொல்லவில்லை. கடிதம் எழுதினாள். யாருக்கு? நாபோத்தின் ஊரிலேயே அவரோடு வாழ்ந்த பெரியவர்களுக்கும் உயர்குடி மக்களுக்கும். நோன்பு அறிவியுங்கள், நாபோத்தை மக்கள்முன் அமர்த்துங்கள், இரண்டு பேரைப் பொய்ச்சாட்சி சொல்ல வையுங்கள் என்று கட்டளையிட்டாள். அவர்கள் அப்படியே செய்தார்கள். அவர்கள் பாகாலை வணங்கினார்கள் என்று அந்த நிகழ்ச்சியில் ஒரு சொல்லும் இல்லை. இஸ்ரயேலின் மக்கள், திருச்சட்டம் அறிந்தவர்கள், நோன்பு அறிவிக்கத் தெரிந்தவர்கள். ஒருவரும் மறுகடிதம் எழுதவில்லை. ஒரு வழிபாட்டுச் சடங்கின் நிழலிலேயே அநீதி நடந்து முடிந்தது.

அன்பு வாசகரே, பண்பாட்டு அழுத்தம் என்பது இதுதான். அது நோன்பை நிறுத்தச் சொல்வதில்லை. நோன்பை நடத்திக்கொண்டே கையெழுத்திடச் சொல்கிறது.

தேர்வாய் கண்டிகையில் ஒரு மேய்ச்சல் நிலம்

இப்போது நம் வட்டாரத்திற்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ளது தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் சிற்றூர். ஊரை ஒட்டி ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலம் இருந்தது. வருவாய்த்துறை ஏடுகளில் அதன் பெயர் மேய்க்கால் புறம்போக்கு. ஊராருக்கோ அது மாடு மேயும் இடம், விறகு பொறுக்கும் இடம், மூலிகை பறிக்கும் இடம், மழைநீர் ஏரிகளுக்கு வடிந்துவரும் இடம். மரங்களை அவர்களே காத்து வந்தார்கள். அந்த நிலத்தைத் தமிழக அரசு சிப்காட் தொழிற்பூங்காவுக்காக ஒதுக்கியது. மக்கள் மனு கொடுத்தார்கள், உண்ணாநோன்பு இருந்தார்கள், 2009இல் மறியல் செய்து கைதானார்கள். அதே ஆண்டு நவம்பரில், ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் முதலீட்டில் டயர் தொழிற்சாலை அமைக்க மிஷலின் நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

நாபோத்தைவிட இவர்களின் நிலை ஒரு வகையில் எளியது. நாபோத்திடம் பரம்பரை உரிமை இருந்தது. இவர்களிடம் பட்டா இல்லை. தனியார் நிலத்தை எடுத்தால் அரசு இழப்பீடு தரவேண்டும். பொது மேய்ச்சல் நிலமோ ஏட்டின்படி அரசின் நிலம். தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரே அதில் பிழைத்தது என்பதைக் குறித்து வைக்க ஏட்டில் ஓர் இடமும் இல்லை. ஆடு மாடு வைத்திருக்கும் நிலமற்ற ஏழைக்குப் பொது நிலமே வயல், அதுவே வங்கி.

யாரையும் ஆகாபு என்றோ ஈசபேல் என்றோ நான் இங்குக் குற்றஞ்சாட்டவில்லை. தாங்கள் நிலத்தைக் கையகப்படுத்தவில்லை, அரசு தொழிற்பூங்காவாக ஒதுக்கிய இடத்திற்கே வந்தோம் என்பது அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. 2012 சூலையில் இவ்வழக்கு பிரான்சு வரை சென்றது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகள் மீறப்பட்டன என்று அந்நாட்டில் அதற்கென உள்ள தேசியத் தொடர்பு மையத்திடம் முறையிடப்பட்டது. 2013இல் அம்மையம், நிறுவனம் நெறிமுறைகளை மீறவில்லை என்று முடிவு கூறியது. எனினும் சில பரிந்துரைகளையும் வழங்கியது. முறையிட்டவர்களோ அதற்குமுன்பே அந்த நடைமுறையிலிருந்து விலகிக்கொண்டார்கள். யார் பக்கம் சட்டம் நின்றது என்பது என் ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

என் கேள்வி வேறு. முறையிட்டவர்கள் யார் என்று பாருங்கள். இங்குள்ள சங்கம் என்ற அமைப்பும், தமிழ்நாட்டு நில உரிமைக் கூட்டமைப்பும் ஊராரோடு நின்றன. அவற்றோடு பிரான்சின் தொழிற்சங்கம் ஒன்றும், சட்ட உதவி அமைப்பு ஒன்றும் சேர்ந்தன. ஐந்தாவதாகக் கையெழுத்திட்டது, பசியை ஒழிக்கவும் வளர்ச்சிக்காகவும் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 1961இல் தொடங்கிய அமைப்பு. அதன் பெயர் சி.சி.எஃப்.டி. தவக்காலத்தில் பங்கு ஆலயங்களில் மக்கள் இடும் காணிக்கை அதற்கு ஆதாரம். எங்கோ ஒரு பிரெஞ்சுச் சிற்றூரில் ஒரு மூதாட்டி தவக்காலத் தட்டில் இட்ட நாணயம், தேர்வாய் கண்டிகையின் மாடுகளுக்காகப் பேசியிருக்கிறது!

அப்போது நான் எங்கே இருந்தேன்? வேறொரு வட்டாரப் பங்கில் இளங்குருவாக இருந்தேன். மறியலையும் கைதுகளையும் பற்றிய செய்தியை நாளேட்டில் படித்தது நினைவிருக்கிறது. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஞாயிறு என் மறையுரையின் பொருள் தொலைக்காட்சித் தொடர்கள்.

இப்போது கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பங்கொன்றில் பணிபுரிகிறேன். சில மாதங்களுக்கு முன் இப்பகுதிப் பெரியவர் ஒருவர் பேத்தியின் படிப்புக்கு உதவி கேட்டு வந்தார். பேச்சு நிலத்தின் பக்கம் திரும்பியது. "சாமி, எங்கப்பா காலத்துல முப்பது மாடு. காலையில ஓட்டிக்கினு போனா சாயங்காலந்தான் திரும்பும். தீனிக்குக் காசு குடுத்ததே இல்ல. இப்ப மாடெல்லாம் வித்தாச்சு. பையன் ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட்ல தோட்ட வேலை பாக்கறான். நாங்க மேய்ச்ச எடத்துல புல்லு வெட்டறான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பங்கின் குடும்பங்களில் பாதிக்குமேல் தொழிற்பேட்டைச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. 500 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அது சென்னையின் தாகம் தீர்க்கிறது. அந்த நீரைக் குடிப்பவர்களில் நம் உறவினரும் இருக்கிறார்கள். வளர்ச்சி நமக்கு வேண்டியதே. அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் யார் கட்டுகிறார்கள், அந்தக் கணக்கைக் கேட்காமலே நாம் எப்படி இரவில் உறங்குகிறோம் என்பதே இறைவாக்கினர் எழுப்பும் வினா. தொழிற்பூங்கா வரப்போகிறது என்ற செய்தி கசிந்தவுடன் ஏழை விவசாயியிடம் சென்ட் கணக்கில் நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து விற்றவர்களில் நம்மவரும் உண்டு. அவர்கள் ஞாயிறு திருப்பலியைத் தவறவிடுவதில்லை.

கேபா எழுந்துபோன பந்தி

இரண்டாவது அழுத்தம் சாதி. இங்கும் விவிலியத்தில் நமக்கு ஒரு கண்ணாடி உண்டு. அந்தியோக்கியாவில் கேபா, பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி, மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்த வெளிவேடத்தில் இழுபட்டார் (கலா 2:11–14). கேபா எந்த மறையுண்மையையும் மறுக்கவில்லை. கிறிஸ்துவை மறுதலிக்கவும் இல்லை. பந்தியிலிருந்து எழுந்து போனார், அவ்வளவே. பவுல் அதை நற்செய்தியின் உண்மையிலிருந்து விலகிய நடத்தை என்று முகத்துக்கு நேரே கண்டித்தார். யார் யாரோடு உண்கிறோம் என்பதே விசுவாச அறிக்கை என்றல்லவா ஆகிறது?

நம் வரலாற்றைப் பாருங்கள். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்டன், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரையும் சமமாக நடத்தியது மேல்சாதியாரின் சினத்தைக் கிளறியது. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் உங்களைப் போன்ற பொதுநிலையினரே, குடும்பத்தவர். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது, திருச்சபை அவரைச் சாதிப் பெயர் நீக்கியே அழைத்தது.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த ஆலயத்துக்குள் சாதி வாரியாக மக்களைப் பிரிக்கச் சுவர் நின்றது. அச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் கத்தோலிக்கரே. அது பழங்கதை என்று தள்ளிவிட இயலுமா? 2008 மார்ச் 9 அன்று, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட சூழலில் கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே மறையைச் சேர்ந்தவர்களுக்கு இடையே எழுந்த பகை அது.

தமிழக ஆயர்கள் 1990இல் தலித் கிறிஸ்தவர் முன்னேற்றத்திற்குப் பத்து அம்சத் திட்டம் தந்தார்கள். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களை வலுப்படுத்தும் கொள்கையை வெளியிட்டது. ஆவணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இன்றும் நம் சமய இதழ்களின் மணமக்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஆர்.சி.' என்ற எழுத்துகளை அடுத்து வருவது என்ன? சாதிப் பெயர். திருமண ஓலை எழுத வரும் பெற்றோரில் சிலர் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்கிறார்கள்: "ஃபாதர், பையன் நல்ல பையன்தான். அவங்க என்ன ஆளுங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" அவர்கள் கதவைச் சாத்துவதிலேயே ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. வெட்கம் இன்னும் முழுதாகச் சாகவில்லை.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியலினத் தகுதியை மறுத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அத்தகுதி கிடைத்தது. நம்மவருக்கு இன்றுவரை இல்லை. அந்நாளைக் கருப்பு நாளாகக் கடைப்பிடித்து, மதம் மாறியும் சாதிக் கொடுமை தீரவில்லை என்று அரசிடம் வாதிடுகிறோம். உண்மைதான், நியாயமான கோரிக்கைதான். ஆனால் பங்குக்குத் திரும்பியதும், 'நம்ம கோவில்ல சாதியெல்லாம் இல்லீங்க' என்கிறோம். அரசிடம் சொன்னது உண்மையா, பங்கில் சொல்வது உண்மையா?

அறைக்கு எட்டுப் பேர்

மூன்றாவது அழுத்தம் புதிது. இப்பகுதியில் நாள்தோறும் காண்பது. தொழிற்பேட்டைகளுக்கு ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலங்களிலிருந்து இளைஞர் வந்து குவிகிறார்கள். நம்மவர் பலர் வீட்டுப் பின்புறத்தில் வரிசை அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர். அறைக்கு அன்று, தலைக்கு வாடகை. பன்னிரண்டு அறைக்கு இரண்டு கழிவறை. இந்த இளைஞரில் கத்தோலிக்கப் பழங்குடியினரும் இருக்கிறார்கள். ஞாயிறன்று ஆலயத்தின் கடைசியில், செருப்புகள் கழற்றிவிடப்பட்ட இடத்துக்கு அருகில் நிற்பார்கள். நற்கருணை வாங்கிச் சத்தமின்றிப் போய்விடுவார்கள். அந்நியரை ஒடுக்காதீர், எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்ற பொருளில் திருச்சட்டம் மீண்டும் மீண்டும் நினைவூட்டுவது (லேவி 19:33–34) இவர்களைப் பற்றியே.

இங்கும் என் கை தூயதன்று. எங்கள் பங்கின் மதிற்சுவருக்கு நன்கொடை தந்தவர்களில் இத்தகைய அறைகளின் உரிமையாளர் ஒருவரும் உண்டு. அவர் பெயரைக் கல்லில் பொறித்தோம். அவருடைய அறைகளை நான் பார்த்தது கல் பதித்து ஓராண்டு கழித்து. பார்த்தபின் அவரிடம் பேசினேன். "ஃபாதர், எல்லாரும் இப்படித்தான் விடறாங்க. நான் மட்டும் கொறைச்சா என்ன ஆவப்போவுது?" என்று கேட்டார். ஈசபேலின் கடிதம் பெற்ற ஒவ்வொரு பெரியவரும் தமக்குள் சொல்லிக்கொண்டது இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஓய்வு நாளையும் இதோடு சேர்த்து எண்ணுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு இளைஞர் வருவதில்லை என்று குறைபடுகிறோம். வாரம் ஏழு நாளும் சுற்று வேலைக்குப் போனால்தான் முழுக்கூலி கிட்டும் என்ற நிலையில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளி எப்படி வருவான்? இணைச்சட்டம் ஓய்வு நாளைக் கட்டளையிடும்போது, அடிமையும் ஓய்வு பெறவேண்டும் என்பதையே காரணமாகக் கூறுகிறது (இச 5:14–15). பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்து நின்றதால் அது சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஓய்வு நாள் கட்டளையை அந்த வாரம் தெருவில் காத்தவர்களில் பலர் நம் ஆலயத்துக்கு வராதவர்கள். அந்த வாரமும் மறையுரை மேடையில் நான் வேறு பொருளையே பேசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மறுப்புகள்

இவ்வாறு எழுதினால் மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, குருக்கள் அரசியல் பேசலாமா என்பது. எலியா ஆகாபிடம் பேசியது எதைப் பற்றி? செபத்தைப் பற்றியா? நிலத்தைப் பற்றியும் கொலையைப் பற்றியும் அல்லவா? திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, சார்க்கண்டுப் பழங்குடியினரின் நில உரிமைக்காகப் பல ஆண்டுகள் உழைத்து, 2021 சூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே மும்பையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு 84 வயது. அவர் இறந்தபின் ஆலயங்களில் மெழுகுதிரி ஏற்றினோம். அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய பணியை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

இரண்டாவது மறுப்பு, பண்பாட்டுமயமாதலைப் பற்றியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம் பண்பாட்டை மதிக்கச் சொன்னதே, வழக்கங்களை ஏன் சாடுகிறீர் என்பார்கள். குத்துவிளக்கும் பொங்கலும் தமிழிசையும் ஆலயத்துக்குள் வரட்டும், மனமார வரவேற்கிறேன். ஆனால் எவரும் திருமுழுக்குத் தொட்டிக்கு வரும்போது முதலில் தீமையை விட்டுவிடுவதாக வாக்களித்தபின்பே நீரைப் பெறுகிறார். பண்பாட்டுக்கும் அதே முறைதான். விட வேண்டியதை விட்டபின்பே அதற்குத் திருமுழுக்கு. விளக்கேற்றிவிட்டுச் சாதியையும் கூடவே உள்ளே அழைத்துவருவதற்குப் பண்பாட்டுமயமாதல் என்று பெயரில்லை.

மூன்றாவது மறுப்பு, நாம் சிறுபான்மையினர், ஊரோடு ஒத்துப் போகவேண்டும் என்பது. இதில் ஓர் அச்சம் இருக்கிறது. அதை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் மக்கபேயர் காலத்து முதியவர் எலயாசரை நினைத்துப் பாருங்கள் (2 மக் 6:18–31). தடைசெய்யப்பட்ட இறைச்சியை உண்ண வேண்டாம், உமக்கு உகந்த இறைச்சியையே கொண்டுவந்து உண்பதுபோல் நடியும், உயிர் பிழைக்கும் என்று நண்பர்கள் மன்றாடினார்கள். அவர் மறுத்ததற்குச் சொன்ன காரணம், இளைஞர் தம்மைப் பார்த்து வழிதவறுவர் என்பது. நம் பிள்ளைகளைக் கைப்பேசி கெடுக்கிறது என்று நாம் அஞ்சுகிறோம். நாம் கதவைச் சாத்திக்கொண்டு சாதி விசாரிப்பதையும், தலைக்கு வாடகை வசூலிப்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியவை

பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. உங்களால் இயன்றவை சில உண்டு. மணமக்கள் விளம்பரத்தில் சாதியைக் குறிப்பிடாதீர்கள். குறிப்பிடும் விளம்பரத்தை வெளியிடவேண்டாம் என்று இதழ்களுக்கு எழுதுங்கள். இந்த இதழுக்கும் எழுதுங்கள். அறை வாடகைக்கு விடுபவர்கள் அதில் ஓரிரவு தங்கிப் பார்த்துவிட்டு வாடகையை முடிவு செய்யுங்கள். நிலம் வாங்குமுன் அதில் மேய்ந்த மாடு யாருடையது என்று கேளுங்கள். வடமாநிலச் சகோதரர்களை வாசலிலிருந்து முன்வரிசைக்கு அழையுங்கள். ஒரு வாசகத்தை அவர்கள் மொழியில் படிக்கச் செய்யுங்கள். இரவுச் சுற்று முடிந்து வருபவர்களுக்கு ஏற்ற திருப்பலி நேரம் அமைப்பது எங்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்றும் உண்டு. நாபோத்தின் ஊரில் பெரியவர்களின் கூட்டம் ஒன்று கூடியது. அங்கேதான் அவர் வீழ்த்தப்பட்டார். நம் ஊரிலும் ஒரு கூட்டம் கூடுகிறது. அதற்குக் கிராமசபை என்று பெயர். ஊரின் மேய்ச்சல் நிலமும் ஏரியும் சுடுகாட்டுப் பாதையும் அங்குதான் பேசப்படவேண்டும். அது கூடும் நாள்களில் இரண்டைக் கவனியுங்கள். மே 1 தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். ஆகஸ்டு 15 அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அவ்விரு நாள்களிலும் நாம் ஆலயத்தில் நிறைந்திருக்கிறோம். இரண்டு தெரு தள்ளிக் கிராமசபை ஆளின்றி நடந்து, தீர்மானப் புத்தகம் மட்டும் வீடு வீடாகக் கையெழுத்துக்கு வருகிறது. வாசிக்காமலே கையெழுத்திட்டுத் தருகிறோம்.

வரும் ஆகஸ்டு 15 அன்று எங்கள் பங்கில் திருவிழாத் திருப்பலி காலை ஆறரை மணிக்கு வைத்திருக்கிறேன். எட்டரைக்குள் முடிந்துவிடும். கொடியேற்றமும் இனிப்பும் முடிந்தபின் கிராமசபை கூடும் இடத்துக்கு நடந்து செல்ல இருக்கிறேன். மேய்க்கால் நிலம் ஊரில் இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, அது எந்த ஏட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேட்கப்போகிறேன். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பங்கு மக்களில் எத்தனை பேர் உடன் வருவார்கள் என்பது அன்று தெரியும். நீங்களும் உங்கள் ஊரில் அன்று போய் உட்காருங்கள். தீர்மானப் புத்தகம் கைக்கு வந்தால், முதலில் வாசியுங்கள்.